கரண்டியைத் தூக்கிய கதாநாயகன்

ஜவ்வு மிட்டாய்க்காரரை உங்களுக்கு நினைவிருக்கும். நெட்டைக் கம்பு, அதன் உச்சியில் கைதட்டும் பொம்மை, கம்பைச் சுற்றி இளஞ்சிவப்பில் ஓர் உருண்டை. கடிகாரம் கேட்டால் கடிகாரம், மயில் கேட்டால் மயில், தேள் கேட்டால் தேள். சரக்கு என்னவோ அதே உருண்டைதான். இழுக்க இழுக்க வரும். தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பேச்சு வந்தாலே "ஜவ்வு மாதிரி இழுக்கிறான்" என்று சொல்லாத வீடு நம் பக்கத்தில் உண்டா?

விடுமுறைக்குத் திருவரங்குளம் வந்திருந்த என் பேரன் இதே சங்கதிக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை கொண்டுவந்தான். 'ஃபில்லர்' என்றான். பையனுக்குப் பதினொரு வயது. ஜப்பான் தேசத்து வீரதீரத் தொடர்கள் என்றால் உயிர். கார்ட்டூன் இல்லை, மனிதர்களே உடுப்பு மாட்டிக்கொண்டு நடிப்பவை. சாது போல இருக்கும் ஓர் ஆசாமி ஆபத்து வந்ததும் உருமாறி, முகமூடியும் கவசமுமாக நின்று, வாரத்துக்கு ஒரு பூதத்தை அடித்து வீழ்த்துவான். நாம் மாயாஜாலப் படங்களில் பார்த்த சமாசாரம்தான். அவர்கள் அதை வாரக் கணக்கில் வைத்து நடத்துகிறார்கள்.

பையன் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தான். அதில் ஒவ்வொரு தொடருக்கும் எத்தனை வாரம், அதில் எந்தெந்த வாரத்தைப் பார்க்க வேண்டாம் என்று சிநேகிதர்கள் சொன்ன பட்டியல். வேண்டாத வாரங்களைச் சிவப்பு மையால் அடித்திருந்தான். "இதெல்லாம் ஃபில்லர், அப்பத்தா. கதை நகராது. தள்ளிவிட்டுப் பார்த்தால் பாதி நேரம் மிச்சம்" என்றான். நான் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பதினொரு வயதில் இந்தப் பிள்ளைக்கு நேரத்தை மிச்சம் பிடித்து என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது.

ஃபில்லருக்குத் தமிழில் வார்த்தை தேடவே வேண்டாம். 'ஒப்பேற்றுவது' என்பதுதான் அது. நாலு பேருக்கு வைத்த குழம்பு, ஆறு பேர் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஒரு செம்புத் தண்ணீரும் ஒரு பிடி உப்பும் சேரும். இதில் நமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனால் எத்தனை பேர் வருவார்கள் என்று முதலிலேயே தெரிந்து உலை வைப்பது வேறு. வந்துகொண்டே இருக்கிறார்கள் என்று ஊற்றிக்கொண்டே இருப்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு கொஞ்சம் பேசலாம் என்று இருக்கிறேன்.

இந்தத் தொடர்கள் நமக்கு அடியோடு புதியவை அல்ல. உங்கள் வீட்டில் நாற்பதைத் தாண்டியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். 1980-களில் தூர்தர்ஷனில் ஒரு சிறுவன் கைக்கடிகாரத்தில் கட்டளையிட, ராட்சத ரோபோ பறந்து வருமே, அது ஜப்பான் சரக்குதான். 1967 அக்டோபரில் அங்கே தொடங்கி, 26 வாரத்தில் முடிந்துவிட்டது. அப்புறம், 2004 டிசம்பரில் டூன் டிஸ்னி தமிழிலும் பேச ஆரம்பித்தபின், 'பவர் ரேஞ்சர்ஸ்' நம் கூடங்களில் தமிழில் கத்திச் சண்டை போட்டது. அது அமெரிக்கத் தொடர் என்று நினைத்தீர்களானால் பாதிதான் சரி. பள்ளிக்கூடத்தில் பேசுகிற காட்சிகள் அமெரிக்காவில் எடுத்தவை. முகமூடி மாட்டியபின் நடக்கும் சண்டை பெரும்பாலும் ஜப்பான் படம். 1992-இல் ஜப்பானில் வந்த 'ஜூரேஞ்சர்' என்ற 50 வாரத் தொடரின் சண்டைகளை வெட்டி எடுத்து, 1993-இல் அமெரிக்கர்கள் 60 வாரம் ஓட்டினார்கள். சண்டை போதவில்லை! ஜப்பான் கம்பெனியிடமே சொல்லி, புதிதாகப் பூதம் செய்யச் சொல்லி, கூடுதலாகப் படம் பிடித்து வாங்கிக்கொண்டார்கள். ஒப்பேற்றுவதற்கு ஆர்டர் கொடுத்துச் சரக்கு வாங்கிய கதையை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

வாரக் கணக்கு எப்படி வருகிறது? கதாசிரியர் உட்கார்ந்து, இந்தக் கதைக்கு இத்தனை வாரம் தேவை என்று யோசித்து முடிவு செய்கிறார் என்றா நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர் முடிவு செய்கிறது. அங்கே தொலைக்காட்சிக்காரர்கள் வருஷத்தைப் பதின்மூன்று பதின்மூன்று வாரமாக நாலு பங்கு போட்டிருக்கிறார்கள். 26 என்றால் இரண்டு பங்கு, 39 என்றால் மூன்று, 52 என்றால் முழு வருஷம். 1979-இல் வந்த 'பேட்டில் ஃபீவர்' என்ற ஐவர் படைத் தொடர் சரியாக 52 வாரம். பின்னால் வந்தவை ஐம்பதை ஒட்டியே நின்றன. சிலவற்றில் ஒன்றிரண்டு குறையக் காரணம் கதையில் இல்லை. கோல்ஃப் போட்டியும் கல்லூரிப் பிள்ளைகளின் நெடுந்தூரத் தொடர் ஓட்டமும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துக்கொண்டதால்தான்!

காலண்டருக்கு அடுத்த எஜமானர் பொம்மைக் கடைக்காரர். வீரனின் இடுப்புப் பட்டை, வாள், ரோபோ எல்லாம் கடையில் விற்றாக வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் புது ரோபோ வரவேண்டும் என்றால், கதையில் அதற்கு முன்னாலேயே ஒரு புது வீரன் ரோபோவோடு வந்து சேர்ந்தாக வேண்டும். தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இதற்குப் பணம் யார் கையிலிருந்து போகும் என்று.

பொம்மையாவது பரவாயில்லை. தின்பண்டக் கதை ஒன்று இருக்கிறது. 1971-இல் 'கமென் ரைடர்' என்று வெட்டுக்கிளி முகமூடி போட்ட மோட்டார் சைக்கிள் வீரன் வந்தான். அந்த வருஷமே கால்பி என்ற கம்பெனி அவன் பெயரில் 20 யென்னுக்கு ஒரு பொட்டலம் முறுமுறுப்புத் தின்பண்டம் போட்டது. பொட்டலத்துக்கு ஒரு படச் சீட்டு. பிள்ளைகள் பொட்டலம் பொட்டலமாக வாங்கினார்கள். சீட்டை எடுத்துக்கொண்டு பண்டத்தைச் சாக்கடையிலும் குப்பையிலும் கொட்டினார்கள். தேசம் முழுக்க அது ஒரு பிரச்னையாகிவிட்டது. பண்டத்தைக் கொட்டுகிற பிள்ளையை எந்த ஊர்த் தாய் பொறுப்பாள்?

ஆக, கதாசிரியரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வாரம் இத்தனை என்று ஒருவர் சொல்லிவிட்டார். எந்த வாரம் எந்தப் பொம்மை என்று இன்னொருவர் சொல்லிவிட்டார். பணமும் அளவாகத்தான் கிடைக்கும். ராட்சதப் பூதம் நகரத்தை இடிக்க வேண்டுமானால், குட்டிக் குட்டியாக நகரம் கட்டி இடிக்க வேண்டும். வாரா வாரம் ஒரு நகரத்தைக் கட்டி இடிக்க யாரால் முடியும்? அப்படியானால் பழைய படத்தைத் திரும்பக் காட்டும் வாரம் ஒன்று. வீரர்கள் எல்லோரும் உட்கார்ந்து பழைய சண்டைகளை நினைத்துப் பார்ப்பார்கள். காட்டுக்குள்ளேயே நடக்கும் வாரம் ஒன்று. மரங்களை யாரும் கட்ட வேண்டாம். வீரனின் சிநேகிதனுக்கு வயிற்றுவலி வரும் வாரம் ஒன்று. இவைதாம் பையன் நோட்டில் சிவப்பு மை வாங்கியவை.

சில சமயம் ஒப்பேற்றலைக் காலண்டரும் கடைக்காரரும் கேட்பதில்லை; விதி கேட்கும். மேலே சொன்ன கமென் ரைடரில் நாயகனாக நடித்தவர் ஹிரோஷி புஜியோகா. முகமூடி போட்டபின் வரும் சாகசங்களையும் அவரே செய்தார். படப்பிடிப்பின் ஆரம்பத்திலேயே மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் முறிந்து படுத்துவிட்டார். தொடர் அப்போதுதான் காற்சட்டை போட்டு நடக்க ஆரம்பித்திருக்கிறது, நாயகன் ஆஸ்பத்திரியில். என்ன செய்வார்கள் பாவம்! எடுத்து வைத்திருந்த துண்டுப் படங்களை ஒட்டுப் போட்டார்கள். அவர் வாயசைப்புக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். சண்டைக்குத் துணையாக ஒரு போலீஸ்கார நண்பனைப் புதிதாக நுழைத்தார்கள். இப்படியே பதின்மூன்றாவது வாரம் வரை ஓட்டி, பதினாலாவது வாரத்தில், "முதல் வீரன் ஐரோப்பாவுக்குப் போய்விட்டான், இதோ இரண்டாவது வீரன்" என்று டாகேஷி சாசாகி என்பவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அங்கேதான் வேடிக்கை. முதல் வீரன் உருமாறுவது மோட்டார் சைக்கிளில் விரைந்து, காற்று இடுப்புப் பட்டையில் அடிக்கும்போது. புதியவரிடமோ மோட்டார் சைக்கிள் ஓட்ட லைசென்ஸ் இல்லை! அதனால் நின்ற இடத்திலேயே கையை வீசி, ஒரு முத்திரை பிடித்து, "ஹென்ஷின்!" என்று கத்தி உருமாறும்படி மாற்றிவிட்டார்கள். 'உருமாறு' என்று அர்த்தம். தேசத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் தெருவில் நின்று அதையே செய்தார்கள். மோட்டார் சைக்கிள் எந்தப் பிள்ளையிடம் இருக்கிறது? கை எல்லோரிடமும் இருக்கிறதல்லவா? அந்தத் தொடர் 1973 பிப்ரவரி வரை 98 வாரம் ஓடியது. புஜியோகாவும் குணமாகித் திரும்பி வந்தார். அதற்கப்புறம் அரை நூற்றாண்டாக அந்த வகைத் தொடர்களில் வீரர்கள் பெரும்பாலும் முத்திரை பிடித்துத்தான் உருமாறுகிறார்கள். ஒப்பேற்றப் போன இடத்தில் கிடைத்த பொக்கிஷம் என்று இதைச் சொல்லலாமா, கூடாதா?

இனி, தலைப்பில் சொன்ன கரண்டிக்கு வருகிறேன்.

1966 ஜூலை 17-ஆம் தேதி ஜப்பானில் 'அல்ட்ராமேன்' தொடங்கியது. எய்ஜி சுபுராயா என்ற பெரியவரின் கம்பெனி எடுத்தது. வெள்ளியும் சிவப்புமாக உடம்பு, முட்டை வடிவக் கண், மார்பில் ஒரு விளக்கு. ஹயாட்டா என்ற இளைஞன் சட்டைப் பையிலிருந்து சிறு குழல் போன்ற ஒரு கருவியை எடுத்து வானை நோக்கித் தூக்குவான், ஒளி வரும், நாற்பது மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்பான். மூன்றே நிமிஷம்தான் பூமியில் தாக்குப் பிடிக்க முடியும். நேரம் நெருங்கினால் மார்பு விளக்கு சிவப்பாகச் சிமிட்டும். மொத்தம் 39 வாரம். பேரனின் நோட்டில் அதில் பதினோரு வாரத்துக்குச் சிவப்பு மை.

எனக்கு ஒரு சந்தேகம். "ஐயா, இதில் ஒவ்வொரு வாரமும் தனிக்கதையாகத்தானே இருக்கிறது? தொடர்கதையே இல்லாத தொடரில் கதை நகராத வாரம் எது?" என்று கேட்டேன். பையன் முழித்தான். அடித்துவிட்டிருந்த வாரங்களில் சிலவற்றைப் போட்டுக் காட்டச் சொன்னேன். எழுத்து ஓடும், அவன் படித்துத் தமிழில் சொன்னான்.

34-ஆவது வாரம். வானத்திலிருந்து ஒரு பூதம் விழுகிறது. மலை மாதிரி கனம். அது யாரையும் ஒன்றும் செய்வதில்லை, தூங்குகிறது! அவ்வளவுதான். ஆனால் நடு ஊரில் இத்தனை கனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கயிறு கட்டித் தூக்குகிறார்கள், முடியவில்லை. ராக்கெட் கட்டி அனுப்புகிறார்கள். திரும்பி வந்து விழுகிறது. நம் ஹயாட்டா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். சோறும் குழம்பும். பூதம் மறுபடி விழுகிறது என்றதும் அவசரமாக வெளியே ஓடி, வீரமாகக் கையை வானத்துக்கு உயர்த்துகிறான். கையில் இருப்பது கருவி இல்லை. சாப்பிட்ட கரண்டி!

நான் புடலங்காயை வைத்துவிட்டுச் சிரித்தேன். உள்ளே இருந்த மருமகள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். அவளுக்கும் திரும்பப் போட்டுக் காட்டினோம். 39 வாரத்தில் அத்தனை பூதத்தை அடித்தவன், மனதில் பதிந்து நிற்பது கரண்டியும் கையுமாகத்தான். அவசரத்தில் கரண்டியோடு தெருவாசலுக்கு ஓடாத பெண்பிள்ளை நம்மில் யார்? இந்த வாரத்துக்குச் சிவப்பு மையாம்!

அடுத்தது 35-ஆவது வாரம். இதற்கு நான் சிரிக்கவில்லை. வீரர் படையினருக்குத் திடீரென்று ஒரு மனக்கஷ்டம். இத்தனை நாள் நாம் கொன்ற பூதங்கள் என்ன பாவம் செய்தன? பிறந்தது பூதமாய், அதுதானே குற்றம்? அவற்றின் படங்களை வரிசையாக வைத்து, புத்த பிட்சுவை அழைத்து ஓதச் சொல்லித் திதி கொடுக்கிறார்கள். பூதங்களுக்குத் திதி! அதே சமயம் செத்துப் போன பூதங்கள் மிதக்கும் வானத்து மயானத்திலிருந்து, எலும்புக்கூடு போன்ற ஒரு பூதம் தவறிப் பூமியில் விழுந்துவிடுகிறது. அதற்குச் சண்டை போட மனமில்லை. திரும்பிப் போகவேண்டும் என்று வானத்தைப் பார்த்து அழுகிறது. கட்டடத்தின்மேல் ஏறி ஏறிக் குதித்துப் பார்க்கிறது. கடைசியில் அல்ட்ராமேன் வந்து, அடம் பிடிக்கிற பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போகிற தகப்பன் மாதிரி அதை அழைத்துப் போக, ராக்கெட்டில் கட்டி ஊருக்கு அனுப்புகிறார்கள்.

இந்த இரண்டு வாரத்தையும் எடுத்தவர் ஒரே டைரக்டர், அகியோ ஜிஸ்ஸோஜி. பின்னாளில் பெரிய படங்களெல்லாம் எடுத்தார். 23-ஆவது வாரமும் அவருடையதே. ஜமீலா என்ற விண்வெளி வீரன். தண்ணீரில்லாத கிரகத்தில் விழுந்துவிட்டான். அனுப்பிய தேசம் வெளியே தெரிந்தால் அவமானம் என்று அவனைக் கைவிட்டுவிட்டது. தண்ணீரில்லாமல் உடம்பு மாறிப் பூதமாகி, பழிவாங்கத் திரும்பி வருகிறான். அவனைக் கொல்வது எது தெரியுமா? தண்ணீர்தான். அவன் சேற்றில் புரண்டு சாகும்போது கேட்கிற குரல் பச்சைக் குழந்தை அழுவது மாதிரி இருந்தது. படை வீரர்களில் ஒருவன், இவன் மனிதனாயிற்றே, சுடமாட்டேன் என்று முதலிலேயே மறுத்துவிடுகிறான். அப்புறம் சமாதி எழுப்பி, புகழ்ந்து எழுதிக் கல் நடுகிறார்கள். வார்த்தை மட்டும் அழகாக இருக்கிறது என்று அவன் கசந்துகொள்கிறான். பிள்ளைகள் தொடரில் இப்படி!

நல்லவேளை, இதற்குச் சிவப்பு மை விழவில்லை. ஆனால் மற்ற இரண்டையும் தள்ளியிருந்தால், வெளுத்து வாங்குகிற வீரன் மட்டும்தான் மிஞ்சியிருப்பான். பிட்சுவை அழைத்துத் திதி கொடுத்தவர்களை யார் பார்த்திருப்பார்கள்?

இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு நம் ஊர்ப்பக்கத்து நாடகங்கள் ஞாபகம் வந்தன. புதுக்கோட்டைச் சீமையில் திருவிழா என்றால் ராத்திரி நாடகம் இல்லாமலா? பெரும்பாலும் 'வள்ளி திருமணம்'. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதியது. வள்ளி, முருகன், நாரதர் எல்லோரையும் ஊருக்கு ஒருவராகத் தனித்தனியே பேசி வைப்பார்கள். ஒத்திகை கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் தொடங்கினால், விடிய விடிய நடந்தாக வேண்டும்.

முருகனுக்கும் வள்ளிக்கும் நடக்கிற கல்யாணத்தைச் சொல்ல ஒரு மணி நேரம் போதாதா? போதும். ஆனால் ராத்திரி எட்டு மணி நேரம் இருக்கிறதே! அதனால் முதலில் பபூன் வருவார். தனியாளாக நின்று ஊர் வம்பு முழுக்கப் பேசுவார். (சில இடத்தில் எல்லை தாண்டும், நாங்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்போம்.) அப்புறம் டான்ஸ். நள்ளிரவுக்குமேல்தான் கதை மனிதர்கள் வருவார்கள். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம். வேடனாக வந்த முருகனுக்கும் வள்ளிக்கும் தர்க்கம். ஒருவர் கேள்வியாய்ப் பாட, இன்னொருவர் பதிலாய்ப் பாட, அந்தத் தர்க்கத்தை எவ்வளவு இழுக்கிறார்களோ அவ்வளவு கைதட்டல். கிழக்கு வெளுத்தால் கிழவர் வந்து, யானை வந்து, கல்யாணம்.

பேரன் கணக்குப்படி பார்த்தால் ராத்திரியில் ஏழு மணி நேரம் ஃபில்லர். மணலில் துண்டை விரித்து உட்கார்ந்த எவராவது, "பபூனைத் தள்ளிவிட்டுக் கல்யாணத்தைப் போடு" என்று கேட்டதுண்டா? கல்யாணம் நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்போது நடக்கும் என்பதும் தெரியும். சூரியன் வருவதற்குள். அந்தக் கெடு இருக்கிற தைரியத்தில்தான் நடுவிலே என்ன வேண்டுமானாலும் செய்ய முடிகிறது. ஜப்பான்காரனுக்கும் அப்படித்தான். ஐம்பதாவது வாரம் முடித்தாக வேண்டும். அதற்கு அடுத்த வாரம் புது வீரன் வந்துவிடுவான். அதற்குள்ளே ஒரு வாரம் கரண்டியைத் தூக்கினால் என்ன குடி முழுகிவிடும்?

நம் தேசத்திலும் முதலில் அப்படித்தான் இருந்தது. தூர்தர்ஷன் காலத்தில் பதின்மூன்று வாரம், இருபத்தாறு வாரம் என்று அளந்து கொடுப்பார்கள். ராமானந்த் சாகரின் 'ராமாயண்' 1987 ஜனவரியில் தொடங்கியபோது 52 வாரம் என்றுதான் பேச்சு. ஜனங்கள் விடவில்லை, 78 வாரம் வரை போய் 1988 ஜூலையில் நின்றது. ஒரு அம்பு வில்லிலிருந்து புறப்பட்டால் எதிரி அம்பைச் சந்திக்க எத்தனை நேரம் பறந்தது என்று நீங்களும் பார்த்தவர்கள்தானே? ஆனாலும் பட்டாபிஷேகம் எங்கே ஓடிவிடும்? 'சக்திமான்' கதை வேறு. 1997 செப்டம்பரில் தொடங்கி 2005 வரை, நானூறு வாரத்துக்குமேல். இந்தி தெரியாத நம் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்தார்கள். தொடங்கினபோது ஐந்தாவது படித்தவன் முடிந்தபோது பன்னிரண்டாவதில் இருந்திருப்பான். கடைசி வாரத்தைப் பார்த்தேன் என்று சொல்கிற ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

பத்திரிகைத் தொடர்கதையும் நீளமாகத்தான் இருந்தது. 'பொன்னியின் செல்வன்' 1950-இல் 'கல்கி'யில் தொடங்கி மூன்றரை வருஷத்துக்குமேல் வந்தது. அங்கேயும் வந்தியத்தேவன் வழியில் எத்தனை சத்திரத்தில் தங்குகிறான், எத்தனை பேரிடம் வம்பு வளர்க்கிறான்! தள்ளிவிட்டுப் படித்தவர் உண்டா?

ஆனால் மெகா தொடர் என்று ஒன்று வந்ததல்லவா, அங்கேதான் கெடு என்பதே காணாமல் போயிற்று. 'மெட்டி ஒலி' எண்ணூறு நாளுக்குமேல். 'கோலங்கள்' 2003 நவம்பர் முதல் 2009 டிசம்பர் வரை 1,533 நாள். 'சந்திரலேகா' 2014 முதல் 2022 வரை 2,314 நாள். நான் குறை சொல்ல வரவில்லை. இவற்றில் மனதை உருக்கிய நாட்கள் எத்தனையோ உண்டு. நம் வீட்டுக் கஷ்டத்தை நம் பாஷையில் பேசியவை அவைதாம். ஆனால், என்றைக்கு முடியும் என்று எழுதுகிறவருக்கே தெரியாது. பார்க்கிறவர் எண்ணிக்கை இருக்கிறவரை ஓடும். அப்போது ஒப்பேற்றுகிற நாளின் குணமே மாறிவிடுகிறது. கரண்டியைத் தூக்கும் நாள் வருவதில்லை. கதவைத் தட்டுவார்கள், திறக்க மூன்று நாள். கோர்ட்டில் ஜட்ஜ் வாயைத் திறப்பார். திங்கட்கிழமை வரை மூடமாட்டார்.

என் பெரிய நாத்தனார் அப்படி ஒரு மாலைத் தொடரை முதல் நாளிலிருந்து பார்த்தவர். தொடரின் பெயர் வேண்டாம். மாடு கன்று, வயல் வேலை எல்லாம் முடித்து, முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்காருவார். அதில் ஒரு பெண்ணின் வீட்டைச் சொந்தக்காரர்களே ஏமாற்றி எழுதி வாங்கிவிடுவார்கள். நாத்தனாருக்கும் நிலத்து வழக்கில் அப்படி ஒன்று நடந்திருந்தது. அதனால் அந்தப் பெண் பேரில் அவருக்குத் தனிப் பிரியம். "அவளுக்காவது கிடைக்கட்டும்" என்பார். நாலு வருஷம் பார்த்தார். அப்புறம் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டார். கடைசி வாரங்களில் டி.வி.யைப் பார்க்கக்கூடத் தெம்பு இல்லை. நான் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். சொல்ல என்ன இருக்கும்? வாய்தா, வாய்தா, வாய்தா.

ஒரு நாள் சாயங்காலம் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அந்தப் பிள்ளைக்கு வீடு கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிருச்சு மதினி. இன்னிக்குத்தான் தீர்ப்பு. சாவியைக் கையில் கொடுத்துட்டாங்க" என்றேன்.

"யாரு கொடுத்தா?"

"அவ சின்ன மாமனே கொண்டாந்து கொடுத்தான்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அவன் நல்லவன்னு எனக்கு முன்னமே தெரியும்" என்றார். அந்த வாரமே போய்விட்டார்.

தொடர் அதற்கப்புறம் பதினாலு மாதம் ஓடியது. கடைசியில் வீடு கிடைத்தது. சாவியைக் கொடுத்தது சின்ன மாமன் இல்லை. அந்த நடிகர் நடுவிலேயே விலகிவிட்டதால் அவனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அல்ட்ராமேனை ஏன் 39 வாரத்தில் நிறுத்தினார்கள் என்று பேரனைக் கேட்டேன். யாரும் பார்க்காததால் இருக்கும் என்றான். இல்லவே இல்லை. ஜப்பான் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் இன்னும் எடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். பூதம் செய்து, நகரம் கட்டி, இடித்து, வாரா வாரம் கொடுக்க எங்களால் முடியவில்லை என்று சுபுராயா கம்பெனியார் கையை விரித்துவிட்டார்கள். 1967 ஏப்ரல் 9-ஆம் தேதி கடைசி வாரம். அதில் அல்ட்ராமேன் தோற்றுப் போகிறான். மார்பு விளக்கு அணைந்துவிடுகிறது. அவனை வீழ்த்திய பூதத்தை மனிதர்களே கொல்கிறார்கள். அவனுடைய நாட்டிலிருந்து ஒருவர் வந்து அவனை அழைத்துக்கொண்டு போகிறார். பூமியில் நிற்பவர்கள் வானத்தைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்தில் வேறு கம்பெனியின் வேறு தொடர் ஆரம்பமாயிற்று.